கருவிகளுக்கும் முதுமை உண்டு

உரைநடை உலகம்

நுழையும்முன்

நாளிதழைத் திறந்தால் நாள்தோறும் ஒரு புதிய கருவியின் பிறப்பு அறிவிக்கப்படுகிறது. அதே நாளிதழின் உள்பக்கத்தில், நெடுங்காலம் உழைத்த பழைய கருவியொன்றின் மறைவு நான்கு வரிகளில் முடிந்துவிடுகிறது. பிறப்பைக் கொண்டாடும் நாம் மறைவிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லையா? காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருவரங்கத்தையும் அதன் அண்டையிலுள்ள திருச்சிராப்பள்ளியையும் களமாகக் கொண்டு இவ்வினாவைச் சற்றே நகைச்சுவையோடு அணுகுகிறது இப்பாடம்.

பெட்டி ஒப்பாத பாட்டி

திருவரங்கத்தின் உத்தர வீதியில் ஒரு பழைய வீட்டை எண்ணிப் பார்ப்போம். நவம்பர் மாதத்தின் ஒரு காலைப்பொழுது. கூடத்து ஊஞ்சலில் எண்பது வயதுப் பாட்டி அமர்ந்திருக்கிறார். அவருடைய கணவர் பொன்மலை இரயில்வே பணிமனையில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று, மறைந்தவர். குடும்ப ஓய்வூதியம் தடையின்றிக் கிடைக்க, பாட்டி ஆண்டுக்கொரு முறை தாம் உயிருடன் இருப்பதை மெய்ப்பிக்க வேண்டும். அதற்காக வீடு தேடி வந்தவர் உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியை நீட்டுகிறார். பாட்டி வலக்கைக் கட்டைவிரலை வைக்கிறார், கருவி ஏற்கவில்லை. இடக்கை விரலை வைக்கிறார், அதையும் ஏற்கவில்லை. அறுபது ஆண்டுகள் பாத்திரம் துலக்கியும் மாவரைத்தும் கோலமிட்டும் தேய்ந்துபோன விரல்கள் அவை.

“எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். நான் இருக்கிறேன் என்பதை இந்தப் பெட்டி ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறதே!” என்று பாட்டி சிரிக்கிறார்.

பதினோராம் வகுப்பில் படிக்கும் பேத்தி அருகில் வருகிறாள். “விடுங்கள் பாட்டி, கைப்பேசியில் முகத்தைக் காட்டினாலே போதும்” என்று தன் திறன்பேசியை எடுக்கிறாள். திறன்பேசி பாட்டியைக் கண் இமைக்கச் சொல்கிறது. பாட்டி இமைக்கிறார். அவர் உயிருடன் இருப்பது உறுதியாகிறது.

ஓய்வூதியர்களுக்கான மின்னணு வாழ்நாள் சான்றிதழ் முறை 2014-ஆம் ஆண்டு நவம்பரில் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. விரல்ரேகையும் கருவிழியும் அதற்கு அடையாளங்களாக இருந்தன. முகத்தைக் கொண்டு அடையாளம் காணும் வசதி 2021-இல் வந்து சேர்ந்தது. பாட்டிக்கு எண்பது வயது. விரல்ரேகை முறைக்கோ ஏழே ஆண்டுகளில் ஒரு துணை தேவைப்பட்டது. மனிதரைவிட விரைவாக மூப்படைவது கருவிதான் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

தந்தியின் கடைசி நாள்

மூத்து மறைந்த கருவிகளுள் பெருமை மிக்கது தந்தி. 1850-ஆம் ஆண்டு கொல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனை முறையில் இந்தியாவின் முதல் தந்தித்தடம் அமைக்கப்பட்டது. அதன் வழித்தோன்றலாக நாடெங்கும் பரவிய தந்திச்சேவை 2013-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாளோடு நிறைவு பெற்றது. அந்தக் கடைசி நாளில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. வாழ்நாளில் ஒரு தந்திகூட அனுப்பியிராத இளைஞர்கள், தந்தி அலுவலகங்களில் நீண்ட வரிசையில் நின்று தங்கள் உறவினர்க்கும் தங்களுக்குமே தந்தி அனுப்பிக்கொண்டனர். உயிரோடு இருந்தபோது எட்டிப் பார்க்காத உறவினர் இறுதிச் சடங்குக்குத் திரண்டு வந்ததைப்போல இருந்தது அக்காட்சி.

தந்திக்குச் சொல்லெண்ணிக் கட்டணம். எனவே, சுருங்கச் சொல்லும் கலையை அது மக்களுக்குக் கற்பித்தது. நலம் விசாரிப்பதற்கெல்லாம் காசு செலவிட யாரும் முன்வரவில்லை. ஆதலால் சிற்றூர்களில் தந்திக்காரர் தெருமுனையில் தென்பட்டாலே, உறையைப் பிரிக்கும் முன்பே அழுகை தொடங்கிவிடும். பிறகு பிரித்துப் பார்த்தால், பேரன் பிறந்த செய்தி உள்ளே இருக்கும்!

வாழ்த்துத் தந்திக்கு இன்னுமொரு வசதி இருந்தது. திருமணம், பண்டிகை, தேர்வு வெற்றி போன்றவற்றுக்குரிய வாழ்த்துத் தொடர்கள் முன்கூட்டியே எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டிருந்தது. அனுப்புவோர் எண்ணை மட்டும் குறித்தால் போதும். பெறுவோர்க்கு முழுத்தொடர் அச்சாகிச் சென்று சேரும். இன்று திறன்பேசியில் மலர்ச்செண்டுப் படத்தையும் சிரிக்கும் முகத்தையும் ஒரே தொடுகையில் அனுப்புவோர் புதிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாக எண்ணக்கூடும். அவர்கள் அனுப்புவது வாழ்த்துத் தந்தியின் எண்ணைத்தான். உடை மட்டுமே மாறியிருக்கிறது. கருவி மறைந்தாலும் அது நிறைவேற்றிய தேவை மறையவில்லை.

சொல்லில் வாழும் கருவிகள்

சொற்களில் பழையவை வழக்கொழிவதையும் புதியவை வந்து சேர்வதையும் நன்னூலார் குற்றமெனக் கொள்ளவில்லை. கருவிகளுக்கும் அந்த விதி பொருந்தும். ஆனால், வழக்கொழிந்த கருவிகள் எளிதில் விடைபெறுவதில்லை. போகும்போது தம் பெயரை மொழியில் விட்டுச் செல்கின்றன.

பனையோலையில் எழுதும் வழக்கம் எப்போதோ நின்றுவிட்டது. எனினும், ஓலையைக் குறித்த ‘ஏடு’ என்னும் சொல் நாளேடாகவும் குறிப்பேடாகவும் நடமாடுகிறது. பூவிதழையும் பனைமட்டையையும் குறித்த ‘மடல்’, கடிதத்தைக் குறிக்கத் தொடங்கி, இன்று ‘மின்மடல்’ ஆகிக் கணினிக்குள் குடியேறிவிட்டது. தந்திச்சேவை முடிந்த பின்னும் 1942-இல் மதுரையில் தோன்றிய ‘தினத்தந்தி’ நாள்தோறும் காலையில் தவறாமல் வீட்டு வாயிலுக்கு வருகிறது.

பேச்சுவழக்கில் இவ்வேடிக்கை இன்னும் மிகுதி. பழைய தொலைபேசியின் கைப்பிடியைத் தாங்கியின்மேல் வைத்தால் இணைப்பு அறுபடும். அதனால் ‘போனை வை’ என்றனர். இன்று வைப்பதற்குத் தாங்கியும் இல்லை. கைப்பேசியைக் கையிலிருந்து கீழே வைப்பாரும் இல்லை. ஆயினும், ‘போனை வைத்துவிடுகிறேன்’ என்றே உரையாடலை முடிக்கிறோம். சொன்னபடி செய்பவர்தாம் அரியர்!

தெரிந்து தெளிவோம்

தமிழ்த் தட்டச்சுப்பொறியின் தந்தை எனப் போற்றப்படுபவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஆர். முத்தையா. தமிழின் மிகுதியான எழுத்துகளைச் சில விசைகளுக்குள் அடக்குவது அவர்முன் இருந்த அறைகூவல். அழுத்தினாலும் தாளை நகர்த்தாத ‘நகரா விசை’ அதற்குத் துணைநின்றது. புள்ளியை முதலில் அடித்து, அதே இடத்தில் எழுத்தை அடுத்து அடித்தால் மெய்யெழுத்து உருவாகும். தட்டச்சுப்பொறி அரிதாகிவிட்ட பின்னும், அதில் பழகியவர்கள் கணினியிலும் அதே விசைப்பலகை அமைப்பைத் தேர்ந்தெடுத்துப் பயன்படுத்துவதைக் காணலாம்.

நெல்லுக்குப் பெயர் தந்த வானொலி

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் வானொலிப்பெட்டி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். பெட்டி இல்லாதவர்கள் பூங்காக்களில் அமைந்த பொது வானொலியைச் சூழ்ந்து நின்று செய்தி கேட்டனர். பின்னர் மின்கலத்தால் இயங்கும் டிரான்சிஸ்டர் வந்தது. வானொலி வரப்பின்மேல் ஏறி வயலுக்கே சென்றது.

1960-களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏடிடி 27 என்னும் புதிய நெல் வகை தஞ்சைப் பகுதியில் அறிமுகமானது. அதைப் பயிரிடும் முறையைத் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகள் உழவர்களுக்கு எடுத்துரைத்தன. கேட்டவர்கள் விதைத்தனர், விளைச்சல் கண்டனர். ஏடிடி 27 என்னும் எண் பெயர் அவர்கள் நாவில் நிற்கவில்லை. தமக்கு அதை அறிமுகப்படுத்திய கருவியின் பெயரையே அதற்குச் சூட்டி ‘ரேடியோ நெல்’ என்று அழைத்தனர்.

ஒரு கருவி அடையக்கூடிய பெருமைகளுள் இது தலையாயது. புதிய திறன்பேசியின் சிறப்பைக் கூறும்போது அதன் ஒளிப்படக்கருவியில் எத்தனை கண்கள், நினைவகத்தில் எவ்வளவு இடம் என்று பட்டியலிடுகிறோம். திருச்சி வானொலியின் சிறப்பை அளக்க உழவர்கள் அத்தகைய பட்டியலைத் தேடவில்லை. அதனால் தங்கள் வயலில் என்ன விளைந்தது என்பதையே பார்த்தனர். எந்தப் புதுக்கருவியைப் பற்றியும் முதலில் எழுப்பத்தக்க வினா அதுவே.

அரங்கத்திலிருந்து ஓர் அறிவியல் குரல்

புதிய கருவிகளைக் கண்டு மருளாமலும் மயங்காமலும் தமிழரை அவற்றோடு பழக்கிய எழுத்தாளர் ஒருவர் திருவரங்கத்து வீதிகளில் வளர்ந்தவர். ரங்கராஜன் என்பது அவர் இயற்பெயர். சுஜாதா (1935 – 2008) என்பது தமிழுலகம் அறிந்த பெயர். திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்ற அவர், பின்னர்ச் சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் கற்றார். பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றியபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முதன்மையான பங்கு வகித்தார். வாசகர் வினாக்களுக்கு விடையளித்த ‘ஏன்? எதற்கு? எப்படி?’, ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ போன்ற நூல்களின் வழியே கடினமான அறிவியலையும் திண்ணைப்பேச்சின் எளிமையோடு விளக்கினார்.

அவர் பங்காற்றிய வாக்குப்பதிவு இயந்திரத்தின் வரலாறும் கருவிகளின் முதுமைக்கு ஒரு பாடம். 1982-இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் இவ்வகை இயந்திரம் முதன்முதலாகப் பயன்பட்டது. தாளையும் முத்திரையையும் வாக்குச்சாவடியிலிருந்து விடுவிப்பதே அதன் நோக்கங்களுள் ஒன்று. ஆனால், அளித்த வாக்கு உரியவருக்கே சென்றதா என்பதை வாக்காளர் கண்ணால் காண வேண்டும் என்னும் தேவை எழுந்தபோது, 2013 முதல் அவ்வியந்திரத்தின் அருகே ஒரு புதிய துணைக்கருவி அமர்ந்தது. அதன் சாளரத்தில் ஏழு நொடிகள் தோன்றி மறைவது வேறொன்றுமில்லை, ஒரு தாள்! விடைபெற்றுச் சென்ற தாள், சாட்சி சொல்லத் திரும்பி அழைக்கப்பட்டது. பழையது எனத் தள்ளியவற்றுள் எது எப்போது தேவைப்படும் என்பதை முன்கூட்டியே கூறுவது அரிது.

பொன்மலையில் பிறந்த புதுப் பழமை

தாள் திரும்பி வந்ததைப்போல நீராவியும் திரும்பி வந்த இடம் திருச்சிராப்பள்ளியில் உண்டு. அது 1928-இல் பொன்மலையில் அமைந்த இரயில்வே பணிமனை. 1970-களின் தொடக்கத்திலேயே நம் நாட்டுத் தொழிற்சாலைகள் நீராவி எஞ்சின்கள் செய்வதை நிறுத்திவிட்டன. டீசலும் மின்சாரமும் அவற்றின் இடத்தைப் பிடித்தன. நீராவியின் கதை முடிந்தது என்றே நாடு எண்ணியது.

நீலகிரி மலை அவ்வாறு எண்ணவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் மலை இரயில் 2005-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அப்பாதையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையிலான ஏற்றம் மிகச் செங்குத்தானது. அங்கே தண்டவாளங்களின் நடுவே பல்லிணைச் சட்டம் பதிக்கப்பட்டிருக்கும். எஞ்சினின் பற்சக்கரம் அதைக் கவ்விப் பிடித்து, ஏணியில் ஏறுவதுபோல் மேலேறும். இதற்கென முற்காலத்தில் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்ட ‘எக்ஸ்’ வகை நீராவி எஞ்சின்கள் உழைத்து உழைத்துத் தளர்ந்தபோது, புதியவற்றை எங்கே வாங்குவது?

விடை பொன்மலையில் கிடைத்தது. எண்ணெயால் எரியூட்டப்படும் புதிய ‘எக்ஸ்’ வகை எஞ்சின்களை 2011 முதல் அப்பணிமனை உருவாக்கி அளித்தது. 2021-இல் நிலக்கரியால் இயங்கும் புதிய நீராவி எஞ்சின் ஒன்றும் அங்கிருந்து புறப்பட்டது. உலகம் தானியங்கிக் கார்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த ஆண்டில், திருச்சிராப்பள்ளியின் செய்தி புத்தம்புதிய நிலக்கரி எஞ்சின்! இதை எண்ணிப் புன்னகை செய்யலாம். ஆனால், அப்புன்னகையின் பின்னே ஓர் உண்மை உண்டு. கொதிகலனை வளைக்கவும் பற்சக்கரத்தைக் கடையவும் அறிந்த கைகளின் திறன் அங்கே ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொடர்ந்து வந்தது. கருவி மறைந்தால் மீண்டும் செய்துகொள்ளலாம். செய்யும் அறிவு மறைந்தால் அருங்காட்சியகத்தில் வைத்துப் பார்க்க மட்டுமே முடியும்.

தெரிந்து தெளிவோம்

கரிகாற்சோழன் கட்டியதாகப் போற்றப்படும் கல்லணை, திருவரங்கத் தீவின் கீழ்க்கோடியை அடுத்து அமைந்துள்ளது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், மணற்பாங்கான ஆற்றுப்படுகையில் அணையெழுப்பும் நுட்பத்தைக் கல்லணையை ஆராய்ந்து கற்றார். முக்கொம்பில் 1836-இல் மேலணையும், பின்னர்க் கோதாவரியில் தவளேசுவரம் அணையும் அவர் முயற்சியால் எழுந்தன.

திறக்க முடியாத பெட்டிகள்

பொன்மலை கூறும் உண்மையை நம் கையிலுள்ள கருவியோடு பொருத்திப் பார்க்கலாம். பழைய வானொலிப்பெட்டியின் பின்புறத்தில் நான்கு திருகாணிகள் இருக்கும். அவற்றைக் கழற்றினால் உள்ளே இருப்பது அனைத்தும் கண்ணுக்குத் தெரியும். கடைத்தெருவில் அதைப் பழுதுபார்ப்பவர் ஒருவர் நிச்சயம் இருப்பார். இன்றைய திறன்பேசிகள் பலவற்றில் திருகாணி வெளியே தெரிவதில்லை. மின்கலம் பசையிட்டு ஒட்டப்பட்டிருக்கிறது. மின்கலம் ஒன்று தளர்ந்தாலும், பழுதுபார்க்கும் செலவைக் கேட்டவர் புதியதே வாங்கிவிடலாம் என முடிவு செய்கிறார். முதுமையால் அன்று, மருத்துவம் பார்க்க வழியின்மையால் மடியும் கருவிகள் இவை.

இவ்வாறு எறியப்படும் கருவிகளில் செம்பும் சிறிதளவு தங்கமும் இருக்கின்றன. ஈயம் முதலான நச்சுப்பொருள்களும் இருக்கின்றன. முறையறியாது திறந்தவெளியில் எரித்தால் நிலமும் நீரும் காற்றும் கெடும். எனவேதான் மின்னணுக் கழிவுகளை உற்பத்தியாளர்களே பொறுப்பேற்று மறுசுழற்சிக்கு உட்படுத்த வேண்டும் என்னும் இந்திய அரசின் விதிகள் 2023 ஏப்ரல் முதல் புதிய வடிவில் நடைமுறைக்கு வந்தன. வாங்கிய பொருளைப் பழுதுபார்த்துக்கொள்ளும் உரிமை குறித்து ஆராய 2022-இல் நடுவண் அரசு ஒரு குழுவை அமைத்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் முதல் புதிய கைப்பேசிகள் அனைத்துக்கும் ஒரே வகை மின்னேற்றித் துளை கட்டாயமாக்கப்பட்டது. ஒவ்வொரு வீட்டு இழுப்பறையிலும் எதற்கும் பொருந்தாத மின்னேற்றிக் கம்பிகள் இடியாப்பம்போலச் சிக்கிக் கிடப்பதைக் கண்டவர்கள் அச்சட்டத்தின் அருமையை உணர்வர்.

சட்டங்கள் ஒருபுறமிருக்க, வாங்குவோர் கேட்க வேண்டிய வினாக்கள் மூன்று உள்ளன. இக்கருவி எந்தத் தேவையை நிறைவேற்றுகிறது? பழுதானால் இதைத் திறந்து சரிசெய்ய இயலுமா? வீட்டிலுள்ள மூத்தோரும் இதைக் கையாள முடியுமா? மூன்றாவது வினாவை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். ஓய்வூதியமும் மருத்துவமும் வங்கிக் கணக்கும் கருவிக்குள் புகுந்துவிட்ட காலத்தில், அதைக் கையாளத் தெரியாதவர் தம் உரிமைக்கே பிறர் கையை எதிர்பார்த்து நிற்க நேர்கிறது.

தேய்ந்த விரலின் திறன்

மீண்டும் உத்தர வீதிக்குச் செல்வோம். அன்று மாலை பேத்தி பரணிலிருந்து தாத்தாவின் டிரான்சிஸ்டரை இறக்குகிறாள். புதிய மின்கலங்களை இட்டுத் திருகுகிறாள், ஓசையில்லை.

“பெட்டி செத்துப்போய்விட்டது பாட்டி.”

“அவசரப்படாதே. காலையில் என்னையும்தான் ஒரு பெட்டி அப்படி நினைத்தது. பழைய பேட்டரிக்கட்டையை உள்ளேயே விட்டுவிட்டால் தகட்டில் உப்புப் பூத்துவிடும். உன் தாத்தா உப்புத்தாளை வைத்துத் தேய்ப்பார். அந்த மரப்பெட்டியில் இருக்கும், பார்.”

உப்புத்தாள் கிடைக்கிறது. தகட்டில் படிந்திருந்த வெண்பூப்பு நீங்கி உலோகம் மின்னுகிறது. பேத்தி மின்கலங்களை மீண்டும் பொருத்தித் திருகியை மெல்ல நகர்த்துகிறாள். கரகரப்பு மட்டுமே கேட்கிறது. பாட்டி கையை நீட்டிப் பெட்டியை வாங்கி, மயிரிழை அளவு முன்னும் பின்னும் திருகுகிறார். கரகரப்பின் நடுவிலிருந்து ஒரு மனிதக் குரல் தெளிந்து எழுகிறது.

“உங்களுக்கு மட்டும் எப்படிப் பாட்டி கிடைத்தது?” என்று வியக்கிறாள் பேத்தி.

“இது ரேகை கேட்காது அம்மா. இதற்குத் தேய்ந்த விரலே போதும்” என்கிறார் பாட்டி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பயன்பாட்டில் இல்லாத பழைய கருவி ஒன்றைப் பற்றி மூத்தோரிடம் கேட்டறிந்து, அதன் பயன், பழுதுபார்த்த முறை, வழக்கொழிந்த காரணம் ஆகியவற்றை ஒரு பக்க அளவில் எழுதுக.

2. வழக்கொழிந்த கருவிகளின் பெயரால் இன்றும் வழங்கும் சொற்களையும் தொடர்களையும் தொகுத்து வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. ‘பழுதுபார்ப்பதா? புதியது வாங்குவதா?’ என்னும் தலைப்பில் சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. ‘ரேடியோ நெல்’ என அழைக்கப்பட்டது
அ) ஐ.ஆர். 8 ஆ) ஏடிடி 27 இ) பொன்னி ஈ) குறுவை

2. பொன்மலைப் பணிமனை உருவாக்கிய ‘எக்ஸ்’ வகை எஞ்சின்கள் இயங்கும் பாதை
அ) திருச்சி – தஞ்சை ஆ) மதுரை – போடி இ) மேட்டுப்பாளையம் – குன்னூர் ஈ) செங்கோட்டை – புனலூர்

குறுவினா

1. நகரா விசையின் பயன் யாது?

2. ‘போனை வை’ என்னும் தொடர் இன்று பொருந்தாமைக்குக் காரணம் கூறுக.

சிறுவினா

1. வாழ்த்துத் தந்தியையும் இன்றைய திறன்பேசிப் படக்குறிகளையும் ஒப்பிடுக.

2. வாக்குச்சாவடிக்குத் தாள் மீண்டும் வந்த வரலாற்றை விளக்குக.

நெடுவினா

‘கருவி மறைந்தாலும் அதைச் செய்யும் அறிவு மறையலாகாது’ என்னும் கருத்தைப் பாடப்பகுதியிலுள்ள சான்றுகளுடன் நிறுவுக.